பல ஆண்டு நின்ற பழைய காரை மீட்டெடுப்பது: முதல்முறை இறங்குபவர்களுக்கு

ஓடித் தேய்ந்த கார் வேறு, நின்று கெட்ட கார் வேறு. ஓடித் தேய்ந்த காரில் எது போயிருக்கிறது என்று சத்தமும் ஆட்டமுமே சொல்லிவிடும். இருபது முப்பது ஆண்டுகள் ஷெட்டுக்குள் நின்ற கார் அப்படி எதையும் சொல்லாது. மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் இருக்கும், சீட் கிழிந்திருக்காது, பெயிண்ட் மங்கியிருந்தாலும் முழுசாக இருக்கும். ஆனால் உள்ளே பிரேக் சிலிண்டர்கள் துருவேறி இறுகியிருக்கும், டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். கையால் தொட்டால் நன்றாகத் தெரிகிற ரப்பர்கூட வளைத்துப் பார்த்தால் வெடிக்கும்.

இந்த மாதிரி காரில் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அவசரத்தில் அதை மாற்றினால் உடைவது பெரும்பாலும் திரும்ப வாங்க முடியாத பாகமாகத்தான் இருக்கும். கீழே உள்ளது 1950-களிலிருந்து 1980-கள் வரை வந்த, கார்புரேட்டர் வைத்த, தண்ணீரில் குளிரும் பெட்ரோல் என்ஜின் கார்களை மனதில் வைத்து எழுதியது.

சாவியைத் தொடாதீர்கள்

கார் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை, ஒரு புது பேட்டரியை மாட்டி, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். பல ஆண்டுகளாக எண்ணெய் ஏறாத பேரிங்குகள் காய்ந்த நிலையில் சுற்றும். ஒட்டிக்கொண்ட வால்வு இருந்தால் அதைத் தள்ளும் புஷ்ராடு வளையும். சிலிண்டரில் இருக்கும் துரு, ரிங்கையும் சுவரையும் ஒரே நிமிடத்தில் கீறிவிடும். டேங்க் துரு கார்புரேட்டர் வரை போகும். இவ்வளவும் தாண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காருக்கு பிரேக் இருக்காது.

முதல் கருவி கேமராதான். தூசியைத் துடைப்பதற்கு முன்பே எல்லா இடத்தையும் படம் எடுங்கள். எந்த ஹோஸ் எதற்குப் பின்னால் போகிறது, எந்த வயர் எந்த கிளிப்பில் மாட்டியிருக்கிறது, கதவு ரப்பர் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்பதெல்லாம் ஓராண்டு கழித்து நினைவில் இருக்காது. சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் எழுதி, ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். இது செலவு தொடங்குவதற்கு முன் நடக்க வேண்டியது. அந்த மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலும் பாகங்களின் படப் பட்டியலும் கிடைத்தால் முதலில் அவற்றை வாங்கிவிடுங்கள்.

கழற்றும் ஒவ்வொன்றும் தனிப் பையில், மேலே பெயரோடு போகட்டும். 'கதவு போல்ட்டுகள்' என்று எழுதினால் போதாது, 'முன் இடது கதவு, மேல் கீல்' என்று எழுதுங்கள். உளுத்துப்போன பாகத்தையும் தூக்கி எறியாதீர்கள். புதியது வந்து சரியாகப் பொருந்தும்வரை பழையதுதான் அளவு.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் யோசித்துவிடுங்கள். காரைப் புதுசாக்கப் போகிறீர்களா, இருக்கிறபடி காக்கப் போகிறீர்களா? பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, தன்னுடைய டூரின் சாசனத்தில் பாதுகாத்தலுக்கே முன்னுரிமை தருகிறது. நானும் அந்தக் கட்சிதான். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், முதல் உரிமையாளர் உட்கார்ந்து பழகிய சீட், மங்கிய டயல் எல்லாம் ஒருமுறை போனால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பாது. காக்க முடிந்ததை விட்டுவைத்து, முடியாததை மட்டும் மாற்றுங்கள்.

காரை வெளியே எடுப்பது

பூட்டியிருந்த காருக்குள் எலி குடியிருந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புழுக்கையையும் கூட்டையும் உலர்ந்தபடி பெருக்கவோ காற்றடித்து ஊதவோ கூடாது, அந்தத் தூசி நோயைப் பரப்பும். கதவுகளைத் திறந்து காற்றோட விட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டுத் துடைத்தெடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் சைலன்சர் குழாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். கூடு கட்ட எலிக்குப் பிடித்த இடங்கள் அவை.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று காட்டும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும், காற்றடித்துக் காரை உருட்டி வெளியே கொண்டுவர மட்டும்தான் அது உதவும். ஓட்டுவதற்கு ஐந்தும் புதியவை வேண்டும், ஸ்டெப்னியும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சக்கரம் சுற்றவில்லை என்றால் கயிறு கட்டி இழுக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள், டிரம்முக்குப் பின்னால் இருக்கும் அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் திருப்புங்கள், டிரம்மின் ஓரத்தைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பைக்குள் கட்டிவிடுங்கள்.

அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது. கெட்டியான தரையில், நல்ல ஸ்டாண்டுகள்மேல் கார் உட்கார்ந்த பிறகுதான் கீழே போக வேண்டும். துருப்பிடித்த காரில் ஜாக்கி வைக்கும் இடமே ஓட்டையாகி உள்ளே போகலாம்.

முதலில் தகடு, பிறகு என்ஜின்

என்ஜின் ரிப்பேர் எவ்வளவு கடினமாக இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. துருவுக்கு அது கிடையாது. அதனால் மற்றதைத் தொடுவதற்கு முன் காரின் அடியை முழுக்கப் பாருங்கள். தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், சக்கர வளைவின் உட்பக்கம், டிக்கியின் தரை, முன் கதவுக் கீல் இருக்கும் தூணின் அடி எல்லாவற்றையும் மொண்ணையான திருப்புளியால் அழுத்திக் குத்துங்கள். நல்ல தகடு டங் என்று சொல்லும். கெட்டது மெத்தென்று உள்வாங்கும். பெயிண்டுக்கு மேல் ஒரு சின்னக் காந்தத்தை நகர்த்திக்கொண்டே போங்கள். அது ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டிதான் இருக்கிறது.

தனி சேஸிஸ்மேல் பாடி உட்காரும் வகை என்றால் நிம்மதி. பாடியும் சேஸிஸும் ஒன்றான வகையில் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிதான் காரைத் தாங்குகிறது. அதை வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்துவிட வேண்டும். இல்லையென்றால் பாடி தொங்கி, பிறகு கதவு எந்தக் காலத்திலும் மூடாது. இதை முதல் காரிலேயே தனியாகச் செய்யாதீர்கள், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பலம் தாங்கும் இடங்களின் வெல்டிங் எல்லாம் கார் நகர்வதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடம் முழுக்கக் காயாமல் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும்.

என்ஜினைக் கையால் சுற்றுவது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பொறுமைக்குக் கண்முன்னே பலன் தெரியும்.

டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் காபி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலை முழுக்க வடியுங்கள், முதலில் வெறும் தண்ணீர் வருகிறதா என்று கவனியுங்கள். ரேடியேட்டரையும் வடித்துவிடுங்கள். பிளக்குகளைச் சுற்றியுள்ள அழுக்கைத் துலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்தது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். சிறிய எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் பிளக் துளை வழியே உள்ளே பாருங்கள். என்ஜின் நின்றபோது எந்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ, ஈரக்காற்று அதற்குள்தான் போயிருக்கும். அதனால் மூன்று சிலிண்டர் பளபளவென்றும் ஒன்று மட்டும் செங்கல் நிறத்திலும் இருப்பது சாதாரணம்.

ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் ஆயிலை ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நன்றாக வேலை செய்யும், ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், அசிட்டோன் பெயிண்டையும் உரிக்கும். ஊற்றிவிட்டு விட்டுவிடுங்கள். மறுநாளே திருப்பிப் பார்க்க வேண்டாம். ஒரு வாரம் ஊறட்டும், நடுவில் அளவு இறங்கினால் இன்னும் ஊற்றுங்கள்.

இதற்கிடையில் வால்வு மூடியைக் கழற்றி, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரையும் அதை மூடும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். மூடியிருக்க வேண்டிய வால்வு கீழே இறங்கியே நின்றால், அது ஏறி இறங்கும் குழாயான கைடில் ஒட்டியிருக்கிறது. அதற்கும் ஆயில் விட்டு, இளகிய பிறகுதான் என்ஜினைச் சுற்ற வேண்டும்.

கியரை நியூட்ரலில் வையுங்கள். கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் பொருத்தமான சாக்கெட்டை மாட்டி, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் நீண்ட கைப்பிடியால் மெல்ல அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. அசையவில்லையா? விட்டுவிட்டு மறுநாள் வாருங்கள். ஒரு நாள் கைப்பிடி நூலளவு நகரும். போல்ட்டே கழல்கிறதா, என்ஜின் நகர்கிறதா என்று புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்கள். நகர்ந்தது என்ஜின்தான் என்றால் அந்த மகிழ்ச்சியில் முழுச் சுற்று சுற்றிவிடாதீர்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, மறுபடி ஆயில். பின்னே திருப்பும்போது போல்ட் இளகினால் அந்தத் திசையை விட்டுவிடுங்கள். அந்த நூலளவு ஓரங்குலமாகி, பிறகு முழுச் சுற்றாகும். சிக்கி நிற்கும் இடத்தில் பலம் போட்டால் ரிங் உடையும். வாரக்கணக்கில் ஊறியும் அசையாத என்ஜினைக் கழற்றிப் பிரிப்பதுதான் சரி.

சுற்ற ஆரம்பித்ததும் சிலிண்டரில் மிச்சமிருக்கும் கலவையை வெளியேற்றுங்கள். ஆயில் சம்ப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். அடியில் படிந்திருக்கும் கறுப்புக் களி, புது ஆயில் ஊற்றியதும் கரைந்து பம்பின் வலையை அடைக்கும். புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். தட்டை டப்பெட் (கேம்ஷாஃப்ட்மேல் உருளை இல்லாமல் நேராக உரசும் பாகம்) உள்ள பழைய என்ஜினுக்கு, துத்தநாகம் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம் போதிய அளவு உள்ள ஆயில் தேவை. இன்றைய கார்களுக்கான பல ஆயில்களில் அது குறைவு, டப்பாவில் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நிறுத்த முடிந்த பிறகு ஓட்டலாம்

பிரேக்கை என்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே முடித்துவிடச் சொல்வேன். ஸ்டார்ட் ஆகிவிட்டால் தெருமுனை வரை ஒரு ரவுண்டு போகத் தோன்றும். அந்த ரவுண்டில்தான் விபத்து நடக்கிறது.

வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியதற்கான அளவு 155 டிகிரிதான். நின்ற காரில் அந்த ஈரம் கொதிநிலையைக் குறைப்பதோடு நிற்காமல் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கிறது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல நெம்பிப் பாருங்கள். பழுப்புத் தண்ணீர் சொட்டினால் அந்த சிலிண்டர் முடிந்தது. உட்சுவரில் லேசான கறை என்றால் ஹோனிங் செய்யலாம், அதாவது சாணைக்கல் கருவியால் மெல்லத் தேய்த்து வழவழப்பாக்கலாம். நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றத்தான் வேண்டும்.

ரப்பர் ஹோஸ்களைப் பற்றி விவாதமே வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே வீங்கி, ஊசித்துளை அளவுக்கு அடைபட்டிருக்கும். மிதித்தால் அழுத்தத்தில் ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே இருந்து டிரம் கொதிக்கும். இரும்புக் குழாய்களில் துரு இருந்தால் தாமிர நிக்கல் கலவைக் குழாய் போடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. இந்த இரண்டு வகையையும் கலக்கக் கூடாது. பிரேக் ரப்பர்மேல் பெட்ரோலோ என்ஜின் ஆயிலோ கிரீஸோ படவே கூடாது, வீங்கிவிடும்.

1960-களின் பல கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட்தான். ஓர் இடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். அப்படிப்பட்ட காரில் ஹேண்ட் பிரேக்கை அலட்சியப்படுத்தாதீர்கள், மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

பெட்ரோல்

டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டிருக்கிறது. டேங்கை இறக்கி, வெட்டவெளியில் காலி செய்யுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதில் நீங்களாக வெல்டிங் வைக்கவே கூடாது. உள்துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே காற்றடித்துக் காயவைக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டாலும் புதுத் துரு படியும்.

பெட்ரோல் ஹோஸ்களுக்கு எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரம் என்றால் கவலையில்லை. பம்பின் டயாஃப்ரமும் புதுசு வேண்டும். கார்புரேட்டரைப் பிரித்தால் மிதவைக் கிண்ணத்தின் அடியில் பச்சையும் பழுப்புமாகப் பிசின் படிந்திருக்கும். ஜெட் துளைகளைக் கம்பியால் குத்தாதீர்கள், அளவு மாறிவிடும். கிளீனரும் காற்றும் மட்டும் போதும். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே திரவம் அலைந்தால் அது ஓட்டை. எங்கே என்று தெரிய வெந்நீரில் அமுக்கிப் பிடியுங்கள், குமிழி வரும் இடத்தைப் பார்க்கலாம்.

கரண்ட்

பேட்டரி வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எத்தனை வோல்ட், எந்த முனை பாடியில் எர்த் ஆகிறது. 1950-களின் நடுப்பகுதிவரை பல அமெரிக்க கார்கள் 6 வோல்ட். எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்கள் 1967 வரை பாசிட்டிவ் எர்த். தலைகீழாக மாட்டினால் டைனமோவும் ரேடியோவும் போகும்.

எலி கடித்த வயரையும், தொட்டால் உதிரும் துணி உறை வயரையும் மாற்றுங்கள். முதன்முறை பேட்டரி இணைக்கும்போது நேராக மாட்டாமல், எர்த் கேபிளுக்கு நடுவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கையில் பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. வயர் எரிவதற்குப் பதில் பல்பு எரிந்து சொல்லிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை விட்டுவிட்டு இணைக்கும் பாயிண்ட் பளபளப்பாகத் தெரிந்தாலும் மேலே கண்ணுக்குத் தெரியாத படலம் இருக்கும், கரண்ட் கடக்காது. மெல்லிய அரத்தால் ஒரு தீட்டுத் தீட்டி, இடைவெளியை மேனுவல்படி வையுங்கள். பல கார்களில் அது 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

திறந்த இடம், சக்கரத்துக்குக் கட்டை, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், சாவிப் பக்கம் இன்னொருவர். டேங்கை நம்பாமல் சிறு கேனிலிருந்து புது பெட்ரோல் கொடுங்கள். புதுக் கூலண்ட், புது ஹோஸ், தெர்மோஸ்டாட் ஏற்கெனவே மாட்டியிருக்கட்டும்.

பிளக்குகள் இல்லாமல், காயில் வயரைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை அல்லது சிவப்பு விளக்கு அணையும்வரை மேலே போகாதீர்கள். இப்போதே கம்ப்ரஷனும், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதும், பார்த்துவிடலாம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங் பிரச்சினை, ஏறாவிட்டால் வால்வு. நின்ற என்ஜினில் ரிங் ஓடஓடத் தானே இளகிச் சரியாவதும் உண்டு, எனவே முதல் நாள் அளவைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடிகளுக்குள் ஆயில் பிரஷர் வரவில்லை என்றால் உடனே அணையுங்கள். ஊற்றிய ஆயிலெல்லாம் எரிவதால் முதலில் புகை மண்டும், பயப்பட ஒன்றுமில்லை. ஒருவர் சூடு முள்ளைப் பார்க்க, இன்னொருவர் கீழே கசிவைப் பார்க்கட்டும். தட்டுகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒட்டியிருப்பதும் சகஜம். என்ஜின் சூடேறியபின் அணைத்துவிட்டு, பெடலைக் கட்டையால் அழுத்தி முட்டுக்கொடுத்து ஓரிரு நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் ஆட்டினால் பல சமயம் விட்டுவிடும். கியர் ஆயில் மாற்றும்போது பித்தளைப் பாகங்கள் உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 வகையையே போடுங்கள்.

ஓட்டம், கடைசியில் பெயிண்ட்

முதல் ஓட்டம் காலி இடத்தில், நடை வேகத்தில், பிரேக்கை மட்டும் சோதிக்க. அடுத்தது சில கிலோமீட்டர். நின்றதும் நான்கு டிரம்களுக்கும் அருகே கையை நீட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள், ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பிரேக் விடவில்லை. முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், கரைந்து வந்த அழுக்கெல்லாம் அதில் இருக்கும்.

பெயிண்ட் பளபளத்து, ஓடாமல் நிற்கும் கார்கள் ஏராளம். ஆர்வமும் பணமும் வெளிப்பூச்சிலேயே தீர்ந்துவிட்டதுதான் காரணம். அசிங்கமாக இருந்தாலும் கார் ஓடட்டும், சில மாதம் ஓட்டிக் குறைகளைத் தீருங்கள், அப்புறம் பெயிண்டுக்குப் போகலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஹார்டனர் கலந்த டூ-கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்குச் சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடி வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் அதை பெயிண்டரிடமே விட்டுவிடுங்கள்.

பெயிண்ட் காய்ந்ததும் கதவுகளுக்குள்ளும் அடிப்பெட்டிகளுக்குள்ளும் துருத்தடுப்பு மெழுகை நீண்ட குழாய் முனையால் அடியுங்கள். மறுநாள், அடியில் உள்ள வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். மெழுகு அவற்றை அடைத்துவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும்.